தக்காளிக்கு முதலில் பட்டம், பிறகு தண்ணீர், அதன் பிறகே உரம்

2023ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் நியாயவிலைக் கடைகளிலேயே அரசு அறுபது ரூபாய்க்குத் தக்காளி விற்கும் நிலை வந்தபோது, எனக்குத் தெரிந்த பல வீடுகளின் மொட்டைமாடியில் புதிதாக வளர்ப்புப் பைகள் வந்து சேர்ந்தன. மறு ஆண்டு போய்ப் பார்த்தபோது அவற்றில் பாதிக்கு மேற்பட்ட பைகளில் கற்றாழையும் துளசியும் நின்றன. தக்காளி முளைக்காமல் போனது என்று யாருமே சொல்லவில்லை. முளைத்தது, இடுப்பளவு உயர்ந்தது, கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஆனால் பூக்கள் உதிர்ந்தன, தப்பிப் பிடித்த காய்களின் அடிப்பகுதி கறுத்துப்போனது, கடைசியில் இலைகள் சுருண்டன. இந்த மூன்று குறைகளுக்கும் அவர்கள் செய்த வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் உரம்.

தக்காளியில் உரம் மூன்றாவது இடத்தில் நிற்கும் விஷயம். எந்த மாதத்தில் விதைக்கிறோம் என்பது, அதாவது பட்டம், முதலாவது. வேர் இருக்கும் இடத்தில் ஈரம் ஏறி இறங்காமல் சீராக இருக்கிறதா என்பது இரண்டாவது. இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் ஒரு பிடி மண்புழு உரத்துக்கே செடி காய்த்துத் தள்ளும். இவை தவறினால் எந்த உரமும் அதைக் காப்பாற்றாது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்வதற்காகவே இந்தக் கட்டுரை. தமிழகத்தின் சமவெளியில், மாடியிலோ கொல்லையிலோ நான்கைந்து செடி வைக்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

இரவு குளிர வேண்டும்

தக்காளி நம் ஊர்ச் செடி அன்று. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம், பெரு, ஈக்வடார் நாடுகளின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் அதன் காட்டு உறவினர்கள் இன்றும் வளர்கின்றன. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிர்ச்சியும் உள்ள நிலம் அது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, நம்முடைய மணத்தக்காளி ஆகியவை எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், கத்தரியும் மணத்தக்காளியும் தாங்கும் வெக்கையைத் தக்காளியின் பூ தாங்குவதில்லை. செடி தாங்கும், இலை தாங்கும், பூதான் தாங்காது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பூவுக்குள் மகரந்தம் உருவாகி, அது சூல்முடியில் விழுந்து முளைத்து, சூலகத்தை அடைந்தால்தான் காய் பிடிக்கும். இரவு வெப்பம் சுமார் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது இந்த வேலை நன்றாக நடக்கிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவு 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நின்றாலோ, மகரந்தம் வீரியம் இழக்கிறது. கருவுறாத பூவைச் செடி வைத்துக்கொள்வதில்லை. தக்காளிப் பூவின் காம்பை உற்றுப் பார்த்தால் நடுவில் விரல் கணுவைப் போன்ற ஒரு சிறு புடைப்பு தெரியும். கருவுறாத பூவின் காம்பு அந்தக் கணுவுக்கு மேலே மஞ்சளாகி, தொட்டதும் சரியாக அந்த இடத்தில் முறிந்து விழும். பூ உதிர்வது நோயன்று. உதிர்ப்பதற்கென்றே செடி அந்தக் கணுவை வைத்திருக்கிறது.

சென்னையில் மே மாத இரவுகள் 27, 28 டிகிரியில் நிற்கின்றன. அந்த மாதத்தில் பூக்கும்படி விதைத்தவர் எந்த ஊக்கியைத் தெளித்தாலும் காய் பிடிப்பது அபூர்வம். கோடையில் நம் சந்தைகளுக்கு நல்ல தக்காளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே இது விளங்கும். கோலார், மதனப்பள்ளி, ஓசூர் ஆகிய ஊர்கள் எல்லாம் கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேல் இருப்பவை. அங்கே பகல் சுட்டாலும் இரவு இறங்கிவிடுகிறது.

ஆகவே சமவெளியில் இருப்பவர்கள் விதைக்கும் நாளைப் பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். விதைத்த ஐந்து முதல் எட்டு நாளில் தக்காளி முளைக்கும். சுமார் 25 நாளில் நாற்று நடவுக்குத் தயாராகும். நட்ட ஒரு மாதத்தில் பூக்கும். பூத்த காய் பழுக்க மேலும் ஆறேழு வாரங்கள் ஆகும். நவம்பர் முதல் பாதியில் விதைத்தால் டிசம்பர் தொடக்கத்தில், வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணியும் நேரத்தில், நடவு செய்யலாம். மார்கழி முடிந்து தை பிறக்கும்போது, ஆண்டிலேயே குளிர்ச்சியான இரவுகளில், பூ வந்து நிற்கும். மாசியிலும் பங்குனியிலும் பழம் பறிக்கலாம். ஐப்பசி கார்த்திகை மழை நாற்றின்மேல் நேரடியாகக் கொட்டாதபடி அந்த ஒரு மாதம் மட்டும் தாழ்வாரத்திலோ ஜன்னல் ஓரத்திலோ வெளிச்சமான இடத்தில் வைத்துக் காக்க வேண்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தக்காளிக்குப் பொருந்துமா என்று பலர் கேட்கிறார்கள். கோயம்புத்தூர், தேனி போன்ற, மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்று இறங்கும் ஊர்களில் நன்றாகவே பொருந்தும். கடற்கரை ஊர்களில், ஆடியில் விதைத்த செடி பூக்கும் நாட்களின் இரவும் வெப்பமாகவே இருப்பதால் விளைச்சல் சுமாராகத்தான் இருக்கும். முதல்முறை வளர்ப்பவர் கார்த்திகைப் பட்டத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் திடமான கருத்து. முதல் முயற்சி தோற்றால் இரண்டாவது முயற்சி பெரும்பாலான வீடுகளில் நடப்பதே இல்லை.

எந்த விதை

தக்காளியில் வளரும் விதத்தை வைத்து இரண்டு வகை உண்டு. ஒரு வகை, இரண்டரை மூன்று அடி வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்துத் தன் உயரத்தை நிறுத்திக்கொண்டு, சில வாரங்களுக்குள் பெரும்பாலான காய்களைத் தந்துவிடும் குத்துச்செடி. இன்னொரு வகை, கொடிபோல நீண்டுகொண்டே போய், போகிற வழியெல்லாம் பூத்துக் காய்க்கும். செர்ரித் தக்காளி பெரும்பாலும் இரண்டாவது வகை.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பிகேஎம் 1 என்ற இரகம் முதல் வகையைச் சேர்ந்தது. அண்ணஞ்சி என்ற உள்ளூர் இரகத்திலிருந்து திடீர்மாற்றம் செய்து தேர்ந்தெடுக்கப்பட்டது அது. சற்றே தட்டையான உருண்டைக் காய், காம்பைச் சுற்றிய தோள்பகுதியில் கரும்பச்சை, பழுத்தால் நல்ல புளிப்பு. சந்தையில் நாட்டுத் தக்காளி என்று நாம் கேட்டு வாங்கும் பழத்தின் குணம் இதில் இருக்கிறது. ரசத்துக்கு இதை விடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. இது ஒட்டுவிதை (இரண்டு இரகங்களைக் கலந்து உண்டாக்கும் விதை) அன்று என்பதால் நம் செடியின் பழத்திலிருந்தே அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்துக்கொள்ளலாம்.

நோயைக் கண்டு அஞ்சுபவர்கள் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் என்ற வீரிய ஒட்டு இரகத்தை வைக்கலாம். இலைச்சுருட்டை நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும்படி உருவாக்கப்பட்டது அது. ஆனால் அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டுவராது. ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டும். சமையலறையில் மீந்த பழத்தைப் பிழிந்து விதைப்பதும் நடக்கிற காரியம்தான். கடைப் பழங்கள் பெரும்பாலும் ஒட்டு இரகங்கள் என்பதால் என்ன செடி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

பையும் மண்ணும் நாற்றும்

ஒரு செடிக்கு ஒரு பை. அந்தப் பையில் குறைந்தது 20 லிட்டர் கலவை பிடிக்க வேண்டும். கடைகளில் 12க்கு 12 அங்குலம் என்று விற்கும் குரோ பேக் ஏறத்தாழ இந்த அளவு. கொடி வகைக்கு 15க்கு 15 அங்குலம் இருந்தால் நல்லது. ஒரே பையில் மூன்று நாற்று நடுவதும், பெயின்ட் வாளியில் பாதி மட்டும் மண் நிரப்பி நடுவதும் நான் அடிக்கடி காணும் தவறுகள். பை சிறிதானால் கெடுதல் சத்துக் குறைவால் வருவதை விட ஈரம் நிற்காததால் வருவதே அதிகம். நண்பகல் வெயிலில் சிறிய பை மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதன் விளைவு எப்படிக் காயின் அடியில் போய்த் தெரிகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கலவைக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் என்று எடுத்துக்கொண்டு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்க்கலாம். நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தப் பழுப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, மீண்டும் ஒருமுறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். அதில் இருக்கும் உப்பு நாற்றின் வேரைக் கருக்கும். மக்காத சாணத்தைச் சேர்க்கவே கூடாது. பையின் அடியில் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, பையைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேலோ தாங்கியின் மேலோ வைத்தால் தண்ணீர் வடியும், மாடித்தளமும் கெடாது. ஈரமான ஒரு பை இருபது கிலோவுக்கு மேல் எடை காட்டும் என்பதால், பைகளைச் சுவரும் தூணும் தாங்கும் ஓரங்களில் அடுக்குவது முறை.

இடத்தைப் பொறுத்தவரை ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் செடி நெட்டையாக வளரும், பூ குறையும்.

விதையைக் குழித்தட்டில் (சிறு குழிகள் கொண்ட நாற்றுத்தட்டில்) அரை அங்குல ஆழத்துக்கும் குறைவாக ஊன்றி, முளைத்த நாளிலிருந்தே வெளிச்சத்தில் வையுங்கள். முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. முளைத்த பிறகு ஒரு நாள் இருட்டில் இருந்தாலும் தண்டு வெளிறி நீண்டுவிடும். முளைத்ததும் தெரியும் இரண்டு விதையிலைகளுக்குப் பிறகு நான்கைந்து உண்மையான இலைகள் வந்து, தண்டு பென்சிலின் பாதித் தடிமனாக ஆனதும் நடலாம்.

நடும்போது தக்காளிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. மிளகாயையோ கத்தரியையோ நாற்றுத்தட்டில் இருந்த ஆழத்திலேயே நட வேண்டும். தக்காளியைக் கழுத்து வரை புதைக்கலாம். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு மூன்று இலைகள் மட்டும் தெரியும்படி தண்டை மண்ணுக்குள் இறக்குங்கள். தண்டின் கீழ்ப்பகுதியில், குறிப்பாக மழைக்காலத்தில், கடுகைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல வெள்ளையாகச் சிறு மொட்டுகள் எழும்பியிருப்பதைப் பார்க்கலாம். பலர் அதை நோய் என்று எண்ணிச் சுரண்டிவிடுகிறார்கள். அவை வேராகக் காத்திருப்பவை. மண் மூடியதும் சில நாட்களில் வேர்விட்டு, ஒரு நாற்றின் வேர்க்கூட்டத்தை இரண்டு மடங்காக்கிவிடும். ஒடிந்துபோன பக்கக் கிளையை ஒரு தம்ளர் தண்ணீரில் வைத்தாலும் ஒரு வாரத்தில் வேர்விடுவது இதனால்தான்.

நடவை மாலையில் செய்து, அன்றே ஒரு கொம்பையும் ஊன்றிவிடுங்கள். செடி பெரிதான பிறகு கொம்பு ஊன்றினால் வேர் அறுபடும்.

காயின் அடி ஏன் கறுக்கிறது

தக்காளி வளர்ப்பில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விஷயம் இது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எலுமிச்சை அளவு காயின் அடிப்பக்கத்தில், பூ ஒட்டியிருந்த நுனியில், தண்ணீர் ஊறியதுபோல ஒரு புள்ளி தோன்றி, நாளாக நாளாக அது பரந்து, உள்வாங்கி, செருப்புத் தோல்போலக் கறுத்து இறுகும். இதை நுனியழுகல் என்பார்கள். பூஞ்சையோ பூச்சியோ இதற்குக் காரணம் அன்று. காயின் அந்த முனைக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். உடனே நாம் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறோம், சிலர் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்தே ஊற்றுகிறார்கள். இருந்தும் அடுத்த காயும் கறுக்கிறது. ஏனென்றால் பெரும்பாலான பைகளில் சுண்ணாம்புச் சத்துக்குப் பஞ்சமே இல்லை. நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே, பையின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு அது இருக்கிறது. இருக்கிற சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பதே பிரச்சினை.

சுண்ணாம்புச் சத்து செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே பயணம் செய்யும். வேர் உறிஞ்சும் தண்ணீர் தண்டு வழியே மேலேறி, இலைகளில் ஆவியாகிறது. அந்த ஓட்டத்தில் மிதந்துதான் சுண்ணாம்புச் சத்து போகிறது. ஓர் இலையில் ஒருமுறை தங்கிவிட்டால் மறுபடி அங்கிருந்து கிளம்பிக் காய்க்கு வராது. இலைகள் நிறைய நீரை ஆவியாக்குவதால் ஓட்டத்தின் பெரும்பகுதியை இழுத்துக்கொள்கின்றன; மெழுகுத் தோல் போர்த்திய காய் மிகக் குறைவாகவே ஆவியாக்குவதால் அதன் பங்கு சொற்பம். கால்வாயின் கடைமடை வயலைப் போன்றது காயின் அடிமுனை. மேலே தண்ணீர் தாராளமாக ஓடினால் கடைமடைக்கும் எட்டும். ஒரு நாள் ஓட்டம் குறைந்தாலும் முதலில் காய்வது கடைமடை. காய் வேகமாகப் பருக்கும் இரண்டு மூன்று வாரங்களில், மண் ஒரு பிற்பகல் முழுவதும் வறண்டு கிடந்தாலே போதும், அந்த முனையின் திசுக்கள் செத்துவிடும். நாம் அதைப் பத்து நாள் கழித்தே பார்க்கிறோம்.

ஆகவே இதற்கு மருந்து சீரான ஈரம். காலையில் தண்ணீர் விடுவதற்கு முன் ஆட்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று குறைவாக விடுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும் வரை மெதுவாக விடுங்கள். காய்க்கும் பருவத்துச் செடி ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் கேட்கும். பங்குனி வெயிலில் அதைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்துத் தர வேண்டும். இரண்டு நாள் விடாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் வாளி நிறைய ஊற்றுவது ஆகாது. பழுக்கத் தொடங்கிய காய்கள் வறட்சிக்குப் பின் திடீரெனத் தண்ணீர் கண்டால் தோல் தாங்காமல் வெடித்துவிடும்.

பையின் மேல்மண்ணை இரண்டங்குல உயரத்துக்குக் காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார் என்று எதையாவது கொண்டு மூடிவிடுவது விரல் வைத்துப் பார்ப்பதை விடவும் பெரிய உதவி. இந்த மூடாக்கு இருக்கும் பைக்கும் இல்லாத பைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிற்பகல் மூன்று மணிக்குக் கையை வைத்துப் பார்த்தாலே உணரலாம்: ஒன்று குளிர்ந்திருக்கும், இன்னொன்று அடுப்பு மேடைபோலச் சுடும்.

முட்டை ஓடு தீங்கு செய்யாது. அது மக்கிச் செடிக்குப் பயன்படப் பல மாதங்கள் ஆகும் என்பதால் இந்தப் பட்டத்துக் காய்க்கு அது மருந்தாகாது, அவ்வளவே. கறுத்த காய் தேறாது. அதைப் பறித்து எறிந்துவிட்டு அடுத்த கொத்தைக் கவனியுங்கள்.

உரம்

தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் தக்காளி இலையாக வளரும். கரும்பச்சையாக, தடித்த தண்டோடு, பார்ப்பதற்கு மிக அழகாக ஒரு செடி நின்று பூவே வைக்கவில்லை என்றால், அதற்கு மாட்டுச் சாணமோ யூரியாவோ கடலைப் புண்ணாக்குக் கரைசலோ அளவுக்கு மேல் போயிருக்கிறது என்று பொருள். அந்த இலைக்கூட்டமே தண்ணீரை எல்லாம் இழுத்துக் காயின் அடியையும் கறுக்க வைக்கும்.

நட்ட முதல் மூன்று வாரம் எதுவும் தர வேண்டியதில்லை. கலவையில் இருப்பதே போதும். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், பத்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவில் பஞ்சகவ்யமும் கொடுத்தால் நன்றாக வரும். காய் பிடித்த பிறகு சாம்பல் சத்து (பொட்டாசியம்) வேண்டும். விறகுச் சாம்பலை மாதம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் தூவாதீர்கள். அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், நம் தண்ணீரோ ஏற்கெனவே காரமானது.

பூவைத் தட்டி எழுப்புவது

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருப்பதால் வேறொரு செடி தேவையில்லை. ஆனால் மகரந்தம் வெளியே தூளாக ஒட்டியிருக்காது. நடுவில் மஞ்சள் கூம்புபோல நிற்கிறதே, அது மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டி உண்டான குழல். மகரந்தம் அதன் உள்பக்கம் அடைந்திருக்கும். உப்புக் குப்பியைக் குலுக்குவதுபோல அதைக் குலுக்கினால்தான் கொட்டும். கருவண்டும், வயிற்றில் நீலப்பட்டைகள் கொண்ட ஒரு சிறு தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் உடலை மட்டும் ரீங்காரத்தோடு அதிரவைத்து அதை உதிர்த்துக்கொள்கின்றன. கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. வயலில் காற்றே இந்த வேலையைச் செய்துவிடும். நான்கு பக்கமும் சுவர் எழுந்த மாடியில் காற்றும் இல்லை, வண்டும் வராது என்றால் நாம்தான் செய்ய வேண்டும். காலை பத்து மணி வாக்கில், பனி உலர்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்பின் பின்புறம் விரலால் இரண்டு மூன்று முறை சுண்டிவிடுங்கள். வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் மெல்லிய மஞ்சள் தூள் புகைபோல இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

கொடி வகையில் இலையும் தண்டும் சேரும் கக்கத்தில் முளைக்கும் பக்கக் கிளைகளை, விரல் நீளம் வருவதற்குள் கிள்ளிவிடலாம்; இரண்டு தண்டுகளை மட்டும் விட்டால் கட்டி நிறுத்துவது எளிது. பிகேஎம் 1 போன்ற குத்துச்செடியில் கிள்ளக் கூடாது. அதன் காய்கள் வருவதே அந்தக் கிளைகளில்தான். எந்த வகையானாலும் மண்ணைத் தொடும் அடி இலைகளை நீக்கிவிட வேண்டும்.

இலை சுருண்டால்

எல்லாச் சுருட்டலும் நோயன்று. நல்ல வெயிலில் கீழ் இலைகள் மட்டும் ஓரம் மேல்நோக்கி மடங்கிக் குழல்போல ஆகி, தொட்டால் விறைப்பாக இருந்து, நுனித்தளிர் மட்டும் வழக்கம்போல் வளர்ந்தால், செடி தன் நீரைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். அதை ஒன்றும் செய்ய வேண்டாம். மாறாக, சுருட்டல் நுனித்தளிரில் தொடங்கி, இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளித்து, கணுக்கள் நெருங்கி, செடியின் தலை குட்டையாகப் புதர்போல அடைந்து நின்றால் அது இலைச்சுருட்டை நச்சுயிரி. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு இதைக் கொண்டுபோகிறது. இதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. மோர், வேப்பெண்ணெய், மஞ்சள் என்று மூன்று வாரம் முயன்று பார்ப்பதற்குள் பக்கத்துச் செடிகளுக்கும் பரவிவிடும். பார்த்த அன்றே பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மனம் வராதுதான், நானும் பூத்துக்கொண்டிருந்த ஒரு செடியைப் பிடுங்கத் தயங்கி, வரிசையாக நான்கு செடிகளை இழந்திருக்கிறேன்.

வருமுன் காப்பது மட்டுமே வழி. நாற்றுப் பருவத்தில் தட்டின் மேல் கொசுவலைத் துணியைக் கட்டி வையுங்கள். இளம் வயதில் தொற்றினால் அந்தச் செடி காய்ப்பதே இல்லை. மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடியின் உயரத்தில் தொங்கவிடுங்கள். கத்தரி, வெண்டை, செம்பருத்தி இலைகளின் அடியிலும் வெள்ளை ஈ குடியிருக்கும் என்பதால் அங்கேயும் பாருங்கள். வாரம் ஒருமுறை, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம்.

முந்தைய நாள் வரை நன்றாக இருந்த செடி, இலை பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் துவண்டு, தண்ணீர் விட்டும் மறுநாள் காலை நிமிரவில்லை என்றால், அதன் அடித்தண்டை ஓர் அங்குலம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் தொங்கவிட்டு அசையாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல வெள்ளையாக ஒழுகினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்தப் பையின் மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் மீண்டும் வைக்காதீர்கள், கீரைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒழுகல் ஏதுமில்லை என்றால் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். மணிமணியாக முடிச்சுகள் இருந்தால், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுதான் காரணம்.

அடி இலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் முன் இலைக்கருகல். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறித்துத்தான் இது ஏறுகிறது. மூடாக்கும், அடி இலையை நீக்குவதும், இலை நனையாமல் வேரில் மட்டும் தண்ணீர் விடுவதும் இதைப் பெரிதும் தடுக்கும். காயில் ஓட்டை போடும் பச்சைப் புழுவை நான்கைந்து செடி வைத்திருப்பவர் காலையில் கையாலேயே பொறுக்கிவிடலாம். பக்கத்தில் இரண்டு துலுக்கச் சாமந்திச் செடிகள் இருந்தால் அந்துப்பூச்சி முட்டையிட முதலில் அங்கே போகும். புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள். தேமல் நோயைத் தரும் நச்சுயிரி புகையிலை வழியாகவும் வரும்.

பறிப்பும் விதையும்

பச்சைக் காயின் அடியில் இளஞ்சிவப்பு படர ஆரம்பித்ததுமே பறிக்கலாம். அந்தக் கட்டத்துக்குப் பின் காய் தானாகவே பழுக்கும். அணிலும் கிளியும் வரும் மாடிகளில் இப்படிப் பறிப்பதே புத்திசாலித்தனம். பங்குனி கடைசியில் வெயில் ஏறும்போது செடியிலேயே விட்ட பழங்கள் சிவக்காமல் ஆரஞ்சு மஞ்சளாக நின்றுவிடுவதைக் காண்பீர்கள். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாவதில்லை. அவற்றைப் பறித்து வீட்டுக்குள் நிழலில், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் பரப்பி வைத்தால் நிறம் வரும். குளிர்சாதனப் பெட்டியில் பழுக்காத காயை வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

ஒட்டுவிதை அல்லாத செடியாக இருந்தால், வரிசையிலேயே நோயின்றி நின்று நிறையக் காய்த்த செடியைப் பார்த்து, அதன் இரண்டாம் மூன்றாம் கொத்தில் ஒரு நல்ல பழத்தை முழுதாகப் பழுக்க விடுங்கள். அதைக் கீறி, விதையைச் சாறோடு ஒரு தம்ளரில் பிழிந்து, துணியால் மூடி இரண்டு மூன்று நாள் புளிக்க வையுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறை கரைந்து, நல்ல விதைகள் அடியில் தங்கும், மிதப்பவற்றைக் கொட்டிவிடலாம். நான்கைந்து முறை அலசி, தாளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பீங்கான் தட்டில் பரப்பி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். உறையில் போட்டு, இரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டால் அடுத்த ஐப்பசியில் குழித்தட்டுக்கு அதுவே போதும்.